சிங்கில் கழிவு அரைக்கும் மெஷின்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

நம் பகுதியில் புதிதாகக் கட்டப்படும் அடுக்குமாடி வீடுகள் சிலவற்றில் சமையலறை சிங்குக்கு அடியில் ஓர் உருளையைப் பொருத்தித் தருகிறார்கள். சுவிட்சைப் போட்டால் உள்ளே சுழலும். தட்டில் மீந்ததை ஓட்டைக்குள் தள்ளினால் கூழாகித் தண்ணீரோடு போய்விடும். கடைக்காரர்கள் இதை ‘ஃபுட் வேஸ்ட் டிஸ்போசர்’ என்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, உம்மாவுக்கு வேலை குறையட்டும் என்று ஆசையாக வாங்கி மாட்டிவிட்டுப் போவதும் உண்டு. பிள்ளைகள் விமானம் ஏறிய பிறகுதான் தொல்லைகள் தொடங்குகின்றன. மெஷின் உறுமுகிறது, சுற்றவில்லை. சிங்கில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மாடியில் அரைத்தது கீழ் வீட்டுச் சமையலறையில் பொங்கி வருகிறது. கீழ் வீட்டுக்காரருக்கும் மேல் வீட்டுக்காரருக்கும் பேச்சு நின்றுபோகிறது.

ஆகவே இந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். மெஷின் இல்லாத வீட்டினரும் படிக்கலாம். இதில் பாதி குழாயைப் பற்றியது. குழாய் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. சமையலறை விஷயம்தானே என்று ஆண்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அடைப்பு வந்தால் ஆள் தேடி அலைவதும் பணம் எண்ணிக் கொடுப்பதும் பெரும்பாலும் நீங்கள்தான்.

உள்ளே கத்தி கிடையாது

பலரும் இதை சிங்குக்குள் பொருத்திய மிக்ஸி என்று நினைக்கிறார்கள். மிக்ஸியில் கூரான பிளேடு இருக்கும். இதில் பிளேடே இல்லை. அடியில் வேகமாகச் சுழலும் ஓர் எஃகுத் தட்டு, அதன்மேல் அசையும்படி பொருத்திய மொட்டையான இரண்டு இரும்புத் துண்டுகள், சுற்றிலும் பல் வைத்த ஒரு வளையம், இவ்வளவுதான் உள்ளே இருப்பது. தட்டு சுழலும்போது உணவு விளிம்பை நோக்கி வீசப்படுகிறது. இரும்புத் துண்டுகள் அதை வளையத்தின் பற்களில் அடித்துத் தேய்க்கின்றன. தேங்காய்த் துருவியை நினைத்துக்கொண்டால் விஷயம் விளங்கிவிடும். துருவலாக உதிர்ந்தது சின்ன இடுக்குகள் வழியே கீழே இறங்கும். அதைத் தள்ளிக்கொண்டு போவது தண்ணீர்.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்ற பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. துருவியில் தேய்த்தால் உதிரக்கூடியது இதிலும் உதிரும். கேரட் நுனி, வெள்ளரித் துண்டு, ஆப்பிள் தோல், தட்டில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்னக் காய்த் துண்டுகள் எல்லாம் சிரமமில்லாமல் போய்விடும். நாராக இருப்பது உதிராது, சுற்றிக்கொள்ளும். மெல்லிய தோல் அரைபடாமல் நழுவிப் போய்க் குழாயில் படியும். மாவாக இருப்பது பசையாகும்.

இப்போது நம் சமையலறையை ஒரு சுற்றுப் பாருங்கள். சப்பிப் போட்ட முருங்கைக்காய்ச் சக்கை, வாழைப்பூவின் மடல், வாழைத்தண்டு நார், கரும்புச் சக்கை, புளிச் சக்கையும் கொட்டையும், தேங்காய் நார், மல்லித் தண்டு, கீரைத் தண்டு, கறிவேப்பிலைக் காம்பு. இவற்றில் ஒன்றுகூட இந்த மெஷினுக்கு ஆகாது. அடுத்தது வெங்காயத் தோல். பிரியாணிக்குக் கிலோ கணக்கில் உரிக்கிற நமக்கு, அந்தத் தோலை சிங்கில் தள்ளுவது போன்ற ஆபத்து வேறில்லை. அது ஈரமான காகிதம்போல் குழாயின் வளைவில் ஒட்டிக்கொள்ளும். பின்னால் வருவதெல்லாம் அதன்மேல் சேரும்.

எலும்பு விஷயத்தில் கடைக்காரர்கள் பெருமை பேசுவார்கள். மெலிந்த மீன் முள்ளும் கோழியின் சின்ன எலும்பும் சக்தி கூடிய மெஷின்களில் அரைபடும் என்பது உண்மைதான். ஆட்டின் நல்லி எலும்பு, கால் குளம்பு, நண்டு ஓடு, மாங்கொட்டை, சிரட்டைத் துண்டு இவை எந்த மெஷினுக்கும் வேண்டாம். மீன் செதிலையும் தள்ளாதீர்கள். அது அரைபடவும் செய்யாது, கரையவும் செய்யாது. இறாலின் மேல்தோடு அப்படித்தான்.

உணவே அல்லாத பொருட்கள்தாம் மெஷினைச் சட்டென்று நிறுத்துகின்றன. வெட்டிய பால் கவரின் மூலைத் துண்டு, பொட்டலத்துக்குப் போட்ட ரப்பர் பேண்ட், பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரின் பிசிறு, டீ ஸ்பூன், ஊசி, பாத்திரம் கழுவும்போது விரலில் இருந்து நழுவும் மோதிரம். கைக்கு முன்னாலேயே ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்து, பால் கவர் மூலையை வெட்டியதும் அதில் போடும் வழக்கம் வந்துவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

எங்கிருந்து வந்தது

இந்த மெஷின் பிறந்தது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் ரேசின் என்ற ஊரில். ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927இல் இதை உருவாக்கினார். 1938இல் இதற்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ரொட்டியும் உருளைக்கிழங்குத் தோலும் அதிகமாகப் புழங்குகிற, பாதாளச் சாக்கடை உள்ள ஊர்களின் சமையலறையை மனத்தில் வைத்துச் செய்தது அது. அமெரிக்காவிலேயே நியூயார்க் நகரம், பழைய சாக்கடைக் குழாய்கள் தாங்காது என்ற அச்சத்தால் நகரின் பெரும் பகுதியில் இதை வெகுகாலம் தடை செய்து வைத்திருந்தது. 1997இல்தான் அந்தத் தடை நீங்கியது. மெஷின் எவ்வளவு நல்லது என்று கேட்பதற்கு முன்னால் குழாய் எவ்வளவு தாங்கும் என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

உங்கள் வீட்டு சிங்கில் இருந்து போகும் தண்ணீர் எங்கே போகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் மெஷின் வாங்கக் கூடாது. மூன்று விதமான வீடுகள் நம்மிடம் இருக்கின்றன. பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ளவை ஒரு விதம். செப்டிக் டேங்க் உள்ளவை இரண்டாவது. சமையலறைத் தண்ணீர் நேராகத் தெருச் சாக்கடைக்கோ கொல்லைப்புறத்து உறிஞ்சு குழிக்கோ போகிறவை மூன்றாவது.

மூன்றாவது வகை வீட்டில் இந்த மெஷினை மாட்டுவது, குப்பையை அரைத்து அண்டை வீட்டு வாசலில் ஊற்றுவதற்குச் சமம். கூழான உணவு திறந்த சாக்கடையில் தேங்கிப் புளிக்கும். எலியும் கரப்பானும் ஈயும் அங்கே குடியேறும். உறிஞ்சு குழி என்றால் அதன் மணல் இடுக்குகள் அடைபட்டுத் தண்ணீர் மேலே நிற்கும். செப்டிக் டேங்க் உள்ள வீட்டுக்கும் நாங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை. டேங்கில் அடியில் படியும் கசடும் மேலே மிதக்கும் ஏடும் இந்த உணவுக் கூழால் சீக்கிரம் சேரும். சில வருடங்களுக்கு ஒருமுறை லாரி கூப்பிட்டவர்கள் அடிக்கடி கூப்பிட வேண்டிவரும். டேங்க் போதிய பெரிதாக இருந்தால் சமாளிக்கலாம் என்று விற்பவர் சொல்லலாம். நம் ஊரில் நான்கு பேருக்கு என்று கட்டிய டேங்கை மாடி எடுத்தபின் பத்துப் பேர் பயன்படுத்துவதுதானே நடைமுறை.

பாதாளச் சாக்கடை உள்ள வீட்டில் மாட்டலாம். ஆனாலும் சிங்குக்கு அடியில் இருக்கும் குழாயைக் குனிந்து பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் மடிப்பு மடிப்பாக வளையும் பிளாஸ்டிக் சுருள் குழாயைத்தான் மாட்டியிருப்பார்கள். ஒவ்வொரு மடிப்பிலும் அரைத்த உணவு தங்கும். இந்த மெஷினுக்கு உட்புறம் வழவழப்பான பிவிசி குழாயும், சீரான சரிவும், வளைவுக் குழாய் ஒன்றும் வேண்டும். அந்த வளைவில் எப்போதும் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே வராமல் தடுக்கிறது. அடுக்குமாடியில் எல்லா வீட்டுச் சமையலறைக் குழாய்களும் ஒரே செங்குத்துக் குழாயில் சேருகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. நான்காம் மாடியில் செய்யும் தவறு தரைத்தளத்து சிங்கில்தான் எட்டிப் பார்க்கும். சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாட்டுவது நல்லது.

வெளிநாட்டில் இருந்து பெட்டியில் கொண்டுவருகிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்க மெஷின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தது. நம் வீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேராகச் செருகினால் மோட்டார் கருகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் குறையும், ஹெர்ட்ஸ் மாறாது. வளைகுடா நாடுகளில் பெரும்பாலும் நமக்கு நெருங்கிய மின்சாரம்தான் என்றாலும் சவூதியில் 60 ஹெர்ட்ஸ். மெஷினின் மேல் ஒட்டியுள்ள தகட்டைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பிளக் மூன்று முனை உள்ளதாகவும், எர்த் சரியாக இருப்பதாகவும், சாக்கெட் தண்ணீர் சொட்டாத உயரத்தில் இருப்பதாகவும் இருக்கட்டும். ஈரக் கையோடு புழங்கும் இடம் என்பதால், மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் முதலில் அதைப் போட்டுவிட்டு மெஷினைப் பற்றி யோசிக்கலாம்.

ஓட்டும் முறை

முதலில் தண்ணீர், பிறகு சுவிட்ச், பிறகு உணவு. இந்த வரிசை மாறக்கூடாது. குழாயை நன்றாகத் திறந்து பச்சைத் தண்ணீர் விடுங்கள், மெஷினைப் போடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். ஒரு சட்டி நிறைய மீந்ததை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு சுவிட்சைப் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அரைபடும் சத்தம் நின்று வெறுமனே சுழலும் சத்தம் வந்த பிறகும் அரை நிமிடமாவது தண்ணீர் ஓடட்டும். மெஷினை விட்டுப் போனது குழாயை விட்டும் போக வேண்டுமல்லவா? தண்ணீரை மிச்சப்படுத்துகிறோம் என்று குழாயை முதலில் மூடினால், மிச்சப்பட்டது ஒரு குடம், அடைப்பெடுக்கச் செலவாவது ஒரு நாள் கூலி. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் கோடை மாதங்களில் மெஷினைத் தொடாமலே இருப்பது உத்தமம்.

சுடுதண்ணீர் விட்டால் சுத்தமாகும் என்று நினைக்கிறோம். அரைக்கும்போது சுடுதண்ணீர் கூடாது. காரணம் கொழுப்பு. அதைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும்.

தால்சாவும் குழாயும்

ஆட்டுக் கொழுப்பு சுமார் 40 டிகிரி வெப்பத்துக்கு மேல்தான் நன்றாக இளகும். நம் ஊர் வெயிலில் நெய் தானே உருகி நிற்கும்; ஆட்டுக் கொழுப்பு அப்படி இல்லை. தால்சா ஆறியதும் மேலே வெள்ளையாக ஏடு கட்டுகிறதே, அதே ஏடு குழாய்க்குள்ளும் கட்டும். சுடுதண்ணீரோடு ஊற்றினால் உருகி வளைவைத் தாண்டிப் போகும். நாலடி தள்ளி, சுவருக்குள் கை எட்டாத இடத்தில் ஆறி ஒட்டிக்கொள்ளும். வனஸ்பதியும் இதே குணம்தான்.

ஒட்டியது அப்படியே மென்மையாகவும் இருப்பதில்லை. நம் போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். பக்கெட்டில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைத் திட்டாகப் படிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொழுப்பு சிதைந்து வரும் அமிலமும் தண்ணீரின் சுண்ணாம்பும் சேர்ந்து அதைப் போன்ற கடினமான சோப்புக் கட்டியாகக் குழாயின் உட்சுவரில் இறுகுகிறது. பிறகு சுடுதண்ணீர் ஊற்றினாலும் அது உருகாது. லண்டனில் ஒயிட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் 2017இல் இப்படி இறுகிய ஒரு கொழுப்புப் பாறையைக் கண்டார்கள். 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. அதை வெட்டி எடுக்க வாரக்கணக்கில் ஆயிற்று. அதில் ஒரு துண்டை அருங்காட்சியகத்தில் வைத்து மக்களுக்குக் காட்டினார்கள். அதில் இருந்த கொழுப்பு வீட்டு சிங்குகளில் இருந்தும் உணவகங்களில் இருந்தும் கரண்டி கரண்டியாக வந்த எண்ணெய்தான்.

பிரியாணிச் சட்டியையும் தால்சா தேக்சாவையும் கழுவும் முன் பழைய செய்தித்தாளால் ஒரு துடைப்புத் துடைத்துக் குப்பையில் போடுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் ஒவ்வொரு வீடும் செய்தால் போதும். இந்தக் கட்டுரையின் மற்றப் பகுதிகளை மறந்தாலும் பரவாயில்லை. பொரித்து மீந்த எண்ணெயை ஆறவைத்து, பழைய பாட்டிலில் ஊற்றி மூடி வையுங்கள். வலீமா, கந்தூரி என்று பெரிய அடுப்பு மூட்டுகிறவர்களிடம் லிட்டர் கணக்கில் எண்ணெய் மீறும். பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்குவதற்கு உணவுப் பாதுகாப்புத் துறை 2018இல் தொடங்கிய ‘ரூகோ’ என்ற திட்டம் இருக்கிறது. சமையல் மாஸ்டரிடம் முன்கூட்டியே அதைப் பற்றிப் பேசிவைக்கலாம்.

கொழுப்புக்கு அடுத்த இடம் சோற்றுக்கும் மாவுக்கும். சோறு தண்ணீரில் ஊறி மேலும் பருக்கும்; அரைபட்டால் பசையாகும். நோன்பு மாதத்தில் கஞ்சிச் சட்டியின் அடியில் பிடித்திருப்பதைச் சுரண்டி அப்படியே சிங்கில் தள்ளுகிற வீடுகள் அதிகம். அரிசியும் பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கஞ்சி ஆறினால் எப்படி இறுகும் என்பது சட்டி கழுவியவர்களுக்குத் தெரியும். குழாய்க்குள்ளும் அப்படித்தான் இறுகும். சஹர் நேரத்தில் அடைப்பு வந்தால் பிளம்பர் கிடைக்கமாட்டார். பரோட்டா, இடியாப்ப மாவு பிசைந்த பாத்திரத்தையும் முதலில் சுரண்டி எடுத்துவிட்டே கழுவ வேண்டும். டீத்தூள் அரைபடத் தேவையே இல்லாதது. ஆனால் மணல்போல் வளைவில் படியும். வடிகட்டியில் இருந்து செடித் தொட்டிக்கு அது போகட்டும்.

உறுமுகிறது, சுற்றவில்லை

சுவிட்சைப் போட்டதும் உர்ரென்று சத்தம் மட்டும் வந்தால், மின்சாரம் வருகிறது, தட்டு சிக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நொடியே அணைக்க வேண்டும். தானாகச் சரியாகும் என்று விட்டுவைத்தால் மோட்டார் சுருள் சூடேறிக் கருகும். நல்ல மெஷின்களில் சூடேறினால் தானே நின்றுவிடும் பாதுகாப்பு உண்டு. அதை நம்பி விளையாட வேண்டாம்.

அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் பிடுங்குங்கள். பிறகும் கையை உள்ளே விடாதீர்கள். கத்தி இல்லை என்று மேலே சொன்னோம்; ஆனால் அந்த வளையத்தின் பற்களும், உடைந்த எலும்பும் கண்ணாடித் துண்டும் விரலைக் கிழிக்கப் போதும். டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பூனோ எலும்போ தெரிந்தால் இடுக்கியால் எடுங்கள். தெரியாவிட்டால் மெஷினின் அடிப்பாகத்தின் நடுவில் அறுகோண ஓட்டை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். மெஷினோடு கொடுத்த ஆலன் சாவியை அதில் செருகி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் திருப்பினால் தட்டு அசைந்து சிக்கல் விடுபடும். அந்தச் சாவியைக் குப்பையில் போட்டிருந்தால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பல மெஷின்களுக்குக் கால் அங்குல அளவு சரியாக இருக்கும். அடியில் ஓட்டை இல்லாத மெஷின் என்றால் மேலிருந்து துடைப்பக் கட்டையை விட்டு, தட்டின்மேல் இருக்கும் இரும்புத் துண்டில் முட்டுக் கொடுத்துத் திருப்பலாம்.

தட்டு தாராளமாகச் சுற்றத் தொடங்கியதும் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். மெஷினின் அடியில் சிவப்பாக ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, தண்ணீர் திறந்து, சுவிட்சைப் போடுங்கள். சத்தமே வராமல் நின்றுபோன மெஷினுக்கும் முதல் வைத்தியம் இந்தப் பொத்தான்தான். இது தெரியாமல் ஆள் வரவழைத்து, அவர் பொத்தானை அழுத்திவிட்டுக் கூலி வாங்கிப் போவதும் நடக்கிறது. பொத்தான் மறுபடி மறுபடி வெளியே வந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மெஷின் நன்றாகச் சுற்றுகிறது, தண்ணீர் மட்டும் இறங்கவில்லை என்றால் குற்றம் மெஷினில் இல்லை, குழாயில். அதை ஓட்டிக்கொண்டே இருந்தால் அடைப்பின்மேல் இன்னும் கூழ் சேரும். அணைத்துவிட்டு, ரப்பர் பம்பால் நாலு தடவை குத்திப் பாருங்கள். போகாவிட்டால் வளைவுக்குக் கீழே வாளி வைத்து, கையால் திருகி அதைக் கழற்றலாம். அடைப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மெஷினின் அடிப்பாகத்தில் இருந்தே தண்ணீர் சொட்டினால் உள்ளிருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கும் நிலை அது, ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

வாடை வந்தால் பினாயில் ஊற்ற வேண்டியதில்லை. சிங்கின் ஓட்டையில் இருக்கும் ரப்பர் மறைப்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அழுக்கு முழுக்க அங்கே பிடித்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய டூத் பிரஷும் சமையல் சோடாவும் கொண்டு தேய்த்தால் போதும்.

ஆசிட் ஊற்ற வேண்டாம்

அடைப்பு என்றதும் நம் வீடுகளில் முதலில் தேடுவது ஆசிட் பாட்டில் அல்லது காஸ்டிக் சோடா. மெஷின் உள்ள சிங்கில் இவை ரப்பரையும் உலோகத்தையும் அரிக்கும். அடைப்புக்குள் தேங்கி நிற்கும் அந்தத் தண்ணீரில்தான் பிறகு யாரோ கை வைக்கிறார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். இன்னொரு ஆபத்து பலருக்கும் தெரியாதது. பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் மூடிய சமையலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உயிராபத்து. ஒன்று போதவில்லை என்று இரண்டையும் கலக்கும் பழக்கம் எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது.

வீட்டுக் குழாய் தாண்டியபின் அடைப்பு யாருடையது? செப்டிக் டேங்கிலும் பாதாளச் சாக்கடைத் தொட்டியிலும் அழுகும் உணவில் இருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உண்டாகிறது. குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை வரும். அதிகமாகும்போது மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. அதனால்தான் இறங்கியவர் எச்சரிக்கை இல்லாமல் விழுகிறார், காப்பாற்ற இறங்கியவரும் விழுகிறார். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இந்தச் சட்டம் ஒப்பந்ததாரருக்கு மட்டும் உரியதல்ல. ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்து “கொஞ்சம் இறங்கி எடுத்துக் கொடுப்பா” என்று கேட்கும் வீட்டுக்காரரையும் அது பிடிக்கும். உறிஞ்சு குழாய் கொண்ட, உரிமம் பெற்ற லாரியைத்தான் அழைக்க வேண்டும். லாரி வந்தாலும், கடைசியில் கசடு எடுக்க ஒருவர் ஏணி வைத்து இறங்கப் பார்த்தால் நாம்தான் தடுக்க வேண்டும்.

மீந்ததை எங்கே போடுவது என்று கேட்பீர்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு விதிகளிலேயே வந்துவிட்டது. நீர் வடியும்படி ஓட்டை போட்ட சின்ன வாளி ஒன்றை சிங்கின் ஓரத்தில் வைத்து, காய்த்தோலும் சக்கையும் அதில் சேர்ந்தால் காலையில் வண்டிக்குக் கொடுத்துவிடலாம். மாடியில் இடம் உள்ளவர்கள் அதையே காய்ந்த இலை, தென்னை நார்க்கழிவு சேர்த்து உரமாக்கலாம். இறைச்சியும் எண்ணெயும் அதில் சேரக் கூடாது, எலி வரும். பெருநாளுக்கு ஆடு வாங்கிக் கட்டியிருப்பவர்கள் மீந்த சோற்றையெல்லாம் அதற்கே வைக்கிறார்கள். அளவுக்கு மீறிச் சோறு தின்ற ஆடு வயிறு உப்பிச் சாகும். காய்த்தோலும் தழையும் தாராளமாக வைக்கலாம்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். குர்பானிக் கொழுப்பு, சவ்வு, குடல் கழுவிய தண்ணீர் இவை சிங்குக்கும் வேண்டாம், தெருச் சாக்கடைக்கும் வேண்டாம். இறைச்சியைப் பங்கு பிரிக்கும் இடத்திலேயே கொழுப்பையும் சவ்வையும் தனிப்பையில் கட்டிவிட்டால் வீட்டுக்கு வருவது சுத்தமான கறியாக இருக்கும். உங்கள் தெருவுக்குக் கழிவு வண்டி எந்த நேரத்துக்கு வரும் என்பதைப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பே ஜமாஅத் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி வரும்வரை அந்தப் பையை மூடியுள்ள வாளியில், நாயும் காக்கையும் எட்டாத இடத்தில் வைத்திருங்கள்.